பகலில் தூங்கியவள்

என் மனைவி நர்ஸ். நாங்கள் சான்டா கிளாராவில் குடியிருந்த வருடங்களில் அவளுக்கு நிரந்தரமாக இரவு ஷிஃப்ட். தெருவே படுக்கப் போகும் நேரத்தில் அவள் தலை சீவிக்கொண்டு கிளம்புவாள். காலையில் நான் மகளைப் பள்ளிக்குத் தயார் செய்து முடிக்கும்போது அவளுடைய கார் வீட்டு முன்னால் வந்து நிற்கும். வாசலில் மூன்று பேரும் ஒரு நிமிடம் சேர்ந்து நிற்போம். மகளை முத்தமிட்டுவிட்டு என்னிடம், "அடுப்ப ஆஃப் பண்ணிட்டீங்கல்லா?" என்று கேட்பாள். அப்புறம் நாங்கள் வெளியே, அவள் உள்ளே.

இந்த ஏற்பாட்டை நாங்களேதான் விரும்பி அமைத்துக்கொண்டோம். மகளைப் பள்ளி முடிந்ததும் டேகேரில் விட அவளுக்கு மனமில்லை. இரவில் வேலை பார்த்தால், பள்ளி விடும் நேரத்தில் மற்ற அம்மாக்களோடு பள்ளி வாசலில் போய் நிற்கலாம். ஒன்பது மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழுந்தால் போதும் என்பாள். எங்கள் குடும்பம் முழுவதும் அந்த ஐந்து மணி நேரத் தூக்கத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

வாடகை வீடு. பின்பக்கம் ஒரே ஒரு படுக்கையறை, அதன் ஜன்னலுக்கு எதிரே மரவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பப்பின் கொல்லை. கொல்லையில் நாலைந்து மேஜைகள், ஒரு பெரிய குப்பைத்தொட்டி, கார் நிறுத்த கொஞ்சம் இடம். அந்தப் பகுதியில் பழம் பதப்படுத்தும் தொழிற்சாலைகள் இருந்த காலத்தில், வேலை முடிந்து வருகிற ஆட்களுக்காக உரிமையாளரின் அப்பா தொடங்கிய கடை அது. தொழிற்சாலைகள் போய் அலுவலகங்கள் வந்தன. பழைய ஆட்கள் போய் எங்களைப் போன்றவர்கள் வந்தோம். கடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, மெல்லிய குரல். போர்ச்சுகலைச் சேர்ந்த ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த குடும்பம். நான் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கன். குடிவந்த முதல் வாரம் வேலிக்கு மேலே கையை நீட்டி அவர் தன் பெயரைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர். எந்தக் காலத்திலோ போர்ச்சுகீசியக் கப்பலில் வந்து எங்கள் கரையில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. விஷயத்தை விளக்கியதும் அவர் வேலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்று முதல் நான் அவருக்கு 'கசின்'. என் மனைவி 'கசினின் மனைவி'. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்களைப் பார்த்தால் தன் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார். அவருக்கு மனைவி இல்லை, இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. என் மனைவி அவ்வப்போது மீன் குழம்பு வைத்து ஒரு டப்பாவில் வேலி வழியாகக் கொடுப்பாள். கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி, எலுமிச்சம்பழங்களால் நிரப்பித் திருப்பிக் கொடுப்பார்.

தெருவில் மற்றவர்களுக்கு அவரோடு இந்த உறவு இல்லை. அவர்களுக்கு அந்தக் கடை என்றால் சத்தம், அவ்வளவுதான். வெள்ளி சனிகளில் நள்ளிரவு தாண்டியும் பாட்டு. கொல்லையில் நின்று கத்துகிறவர்கள், கார்க் கதவை அறைந்து சாத்துகிறவர்கள். எல்லாம் முடிந்த பிறகு, காலி பாட்டில்களைத் தொட்டியில் கொட்டும் சத்தம். கண்ணாடி மழை பெய்வது போலிருக்கும். இரண்டு வீடு தள்ளி ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இளைய பையன் அந்தச் சத்தத்தில் அலறிக்கொண்டு எழுகிறான் என்று எங்களிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கியது. அவர் கெட்ட மனுஷி இல்லை. களைத்துப் போயிருந்த ஓர் அம்மா, அவ்வளவுதான்.

கடையின் அனுமதியைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது, தெருக்காரர்கள் நகர அலுவலகத்தில் ஆட்சேபம் தெரிவித்தார்கள். விசாரணைக் கூட்டம் ஒரு வாரநாள் மாலையில் நடந்தது. அங்கிருந்தே வேலைக்குப் போகலாம் என்று என் மனைவி மருத்துவமனை உடுப்போடு வந்தாள். மகள் என் மடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

இரண்டு பக்கமும் காரசாரமாகப் பேசுவார்கள் என்று நினைத்துப் போனேன். அப்படி நடக்கவில்லை. ஆசிரியை எழுந்து, கடையை மூடச் சொல்லவில்லை, பிள்ளைகள் தூங்கினால் போதும் என்றார். உரிமையாளர் எழுந்து, என் அப்பா காலத்திலிருந்து இந்தத் தெருவில்தான் இருக்கிறேன், யாருடைய பிள்ளையையும் அழவைக்க எனக்கு ஆசையில்லை என்றார். தலைமை வகித்தவர் பொறுமையான மனிதர். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று இழுத்து இழுத்து ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். கொல்லை மேஜைகள் இரவு பத்து மணியோடு சரி. கடை நள்ளிரவில் மூட வேண்டும். பாட்டில்களை இரவில் கொட்டக் கூடாது, மறுநாள் காலை ஒன்பதுக்குப் பிறகு கொட்டலாம். பீர் லாரி வருவதும் அப்போதுதான். இரவு வியாபாரத்தில் குறைவதை ஈடுகட்ட, மாலையில் திறக்கும் கடையை இனி பகல் பதினொன்றுக்கே திறந்து மதியச் சாப்பாடு போட்டுக்கொள்ளலாம்.

அறையில் எல்லோர் முகமும் தெளிந்தது. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். அப்போது உரிமையாளர் மட்டும் திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார். "என் வேலிக்குப் பின்னாடி ஒரு நர்ஸ் இருக்காங்க. ராத்திரி முழுக்க வேலை பார்த்துட்டு பகல்லதான் தூங்குறாங்க. அவங்களுக்கு இது எப்படி?"

எல்லாத் தலைகளும் திரும்பின. தலைமை வகித்தவர் என் மனைவியைப் பார்த்து, இதில் உங்களுக்குச் சிரமம் இருக்கிறதா, சொல்லுங்கள், நாங்கள் மறுபடியும் யோசிக்கிறோம் என்றார். வெறும் மரியாதைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். பேனாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

அவள் எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். ஆசிரியையின் இளைய பையன் அம்மாவின் தோளில் அப்போதே தூங்கிவிட்டிருந்தான். அவனை ஒரு தடவை பார்த்தாள்.

"குழந்தைகள் ராத்திரி தூங்க வேண்டும்," என்றாள், தன் மெதுவான ஆங்கிலத்தில். "எனக்குப் பரவாயில்லை. நான் நர்ஸ். நின்றுகொண்டேகூடத் தூங்குவேன்."

அறை முழுவதும் சிரித்தது. அன்பான சிரிப்பு. தலைமை வகித்தவர் பேனாவை மூடினார். ஆசிரியை எங்கள் வரிசைக்கு வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நான் அவளிடம் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே? கேட்டாங்கல்ல, கஷ்டமா இருக்கும்னு சொல்லியிருக்கலாம்."

"பின்ன என்னத்தச் சொல்ல? அந்தப் பிள்ளைய எழுப்பிவிட்டு நான் தூங்கவா?"

"அதுக்கில்ல. வேற ஏதாவது டைமிங் யோசிச்சிருப்பாங்க."

"விடுங்க. எல்லாத்தையும் மேனேஜ் பண்ணிக்கலாம். டே ஷிஃப்ட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கேன்லா, கிடைக்கிற வரைக்கும்தானே." மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு, தன் காரில் ஏறிப் போய்விட்டாள்.

பகல் ஷிஃப்ட் அங்கே பணிமூப்பு வரிசைப்படிதான் கிடைக்கும். அவளுக்கு முன்னால் பலர் இருந்தார்கள்.

புதிய நேரங்கள் நடைமுறைக்கு வந்ததும் தெருவின் இரவுகள் மாறிவிட்டன. அந்த அமைதி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆசிரியையின் முகத்தில் களை வந்தது. பையன் அலறுவதில்லை என்று கண்கலங்கச் சொன்னார்.

என் மனைவி படுக்கையறை ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டினாள். காதில் பஞ்சு வைத்தாள், பிறகு மருத்துவமனையிலிருந்து ரப்பர் அடைப்பான்கள் கொண்டுவந்தாள். மின்விசிறியைச் சத்தம் வரும்படி தலைமாட்டில் வைத்தாள். எதுவும் சரிவராதபோது, துணி அலமாரியின் தரையில் மெத்தையை மடித்துப் போட்டு, தொங்கும் புடவைகளுக்கும் என் கோட்டுகளுக்கும் கீழே படுத்தாள். ஒருநாள் காய்ச்சலடித்து நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் அவளைக் காணாமல் பதறிவிட்டேன். அலமாரிக் கதவைத் திறந்தால், சுருண்டு படுத்தபடி கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

"தூங்கலையா?"

"தூங்கத்தான் பாக்கேன். கண்ணு ரெண்டும் மணலா அறுக்குது. சத்தம் வரும்போதுகூட இல்லங்க, இப்ப வரும் இப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன் பாருங்க, அதுதான்."

வேலிக்கு அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. உரிமையாளர் குப்பைத்தொட்டியின் அடியில் பழைய கம்பளத்தை விரித்தார். பாட்டில்களைக் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்படி வேலையாளிடம் சொன்னார். 'நர்ஸ் தூங்குகிறார், மெதுவாகப் பேசவும்' என்று ஓர் அட்டையில் எழுதி வேலியில் ஆணியடித்தார். மதியத்துக்கு வருகிற வயதானவர்கள் அதைப் படித்துவிட்டுக் கிசுகிசுவென்று பேசுவார்கள். ஆனால் எவ்வளவு நேரம் அப்படியே பேச முடியும்? இரண்டாவது பீரில் யாராவது ஒரு ஜோக் சொல்வார்கள். சிரிப்பு வெடிக்கும். உடனே நாலு பேர் "ஷ்ஷ்" என்பார்கள். அந்த "ஷ்ஷ்"க்கும் சேர்த்து அவள் விழித்துக்கொள்வாள்.

"பாவம், அந்த மனுஷர் என்ன செய்வார்? அவர் பொழைக்காண்டாமா?" என்பாள் என்னிடம். அவர் வேலி வழியாக, "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நன்றாகத் தூங்கினேன்," என்பாள். எனக்குக் கேட்கும்படியே சொல்வாள்.

வேறு வீடு பார்க்கலாம் என்றேன். மில்பிடாஸில் என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டும் வந்தோம். பள்ளி ஆண்டு முடியட்டும், நடுவில் பிள்ளையை மாற்ற வேண்டாம் என்றாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. பூசையில் பிரசங்கத்தின்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். எழுப்பினால் சிரிப்பாள். சிக்னலில் நின்ற கார் பச்சை விழுந்தும் நகரவில்லை என்று ஒருமுறை தானே வேடிக்கையாகச் சொன்னாள். அன்றிலிருந்து நான் அவளை வேலைக்குக் கொண்டுவிட்டேன், சில வாரங்கள். ஆனால் இரவில் கொண்டுவிடவும் காலையில் அழைத்துவரவும் மகளையும் எழுப்பிக் கூட்டிப் போக வேண்டும். பிள்ளை பின் சீட்டில் தூங்கி வழிவதைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், நானே டிரைவ் பண்ணிக்கிறேன்," என்று சொல்லிவிட்டாள்.

வசந்தகாலத்தில் ஒரு காலை அவள் கார் வரவில்லை. டிராஃபிக்காக இருக்கும் என்று மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் போலீஸ் கார் நின்றுகொண்டிருந்தது. இளம் அதிகாரி தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அவர் பேசுவதற்கு முன்பே அந்தத் தொப்பியைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது.

ஃப்ரீவேயில் கார் மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்து பாலத்தின் தூணில் மோதியிருக்கிறது. வேறு யாருக்கும் காயமில்லை. பிரேக் போட்ட அடையாளம் எதுவும் சாலையில் இல்லை. "தூங்கியிருக்கலாம்," என்றார் அவர். "வலி தெரிந்திருக்காது." ஆறுதலாகத்தான் சொன்னார். தூங்கியிருக்கலாம் என்ற அந்த ஒரு சொல் எனக்குள் போய் நின்றுகொண்டது. எத்தனை மாதமாக அவள் கெஞ்சிக்கொண்டிருந்த தூக்கம் அது.

நாகர்கோவிலில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்கு நான்தான் போனில் சொன்னேன். முதலில் அவர்கள் அழவேயில்லை. நான் சொன்னதை நம்பாமல் வாதாடினார்கள்.

"தூக்கம் இல்லாமலா? எம்பிள்ளைக்கா? இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாளே மக்கா அவ. கோயில் திருவிழா வெடிச் சத்தத்தில தூங்குனவ. அங்க அப்படி என்ன சத்தம்?"

கம்பளத்தின் மேல் ஒவ்வொன்றாக வைக்கப்படும் பாட்டில்களின் சத்தத்தை எப்படிச் சொல்வது?

அடக்கம் முடிந்த மறுநாள் ஆசிரியை ஒரு பாத்திரத்தில் சாப்பாட்டோடு வந்தார். பாத்திரத்தைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றார். "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்," என்றவர் கேட்க முடியாமல் அழுதார். கேள்வி எனக்குத் தெரிந்ததுதான். "இல்லை. உங்களால் இல்லை," என்றேன். அவர் தோளில் தூங்கிய அந்தப் பையன் இப்போது காரில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு என்ன சொல்ல முடியும்?

உரிமையாளர் வேலிப்பக்கமாக வரவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு, கோட்டு போட்டு, முன்வாசலுக்கு வந்தார். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து தன் பெரிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசின், உண்மையச் சொல்லு. எங்களாலயா?"

ஆசிரியையிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் வரவில்லை. அவர் என் உறவுக்காரர் என்பதாலோ என்னவோ.

"எனக்குத் தெரியல," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அவரும் அதையேதான் யோசித்து வைத்திருந்தார் என்று தோன்றியது. போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு குழந்தையைப் போல விசும்பினார்.

கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த விசாரணைக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரையும் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். யாரும் அநியாயமாக நடக்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். அவளும் விட்டுக்கொடுத்தாள். மற்றவர்கள் விட்டுக்கொடுத்தது கொஞ்சம் பிடிவாதமோ, கொஞ்சம் வியாபாரமோ. அவளிடம் விட்டுக்கொடுக்க இருந்தது தூக்கம் மட்டும்தான்.

உரிமையாளர் மதியத்தில் திறப்பதை நிறுத்திவிட்டார். பழையபடி மாலையில்தான் கதவு திறந்தது. பாட்டில்களையும் அப்போதுதான் அகற்றினார்கள். நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். பகல் முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு ஓசைகூட இல்லை. படுக்கையறை ஜன்னலில் அலுமினியத் தாள் அப்படியே இருந்தது. அந்த இருட்டில், அந்த அமைதியில் படுத்திருக்க முடியாமல் ஒருநாள் எழுந்து போய்க் கடையின் பின்கதவைத் தட்டினேன்.

"மத்தியானம் திறங்க கசின்," என்றேன். "இப்ப யாருக்காக மூடி வச்சிருக்கீங்க?"

"முடியல," என்றார். "பெரியவங்க எல்லாம் வந்து கேக்குறாங்க. எனக்கு அந்த மேஜையில ஒரு கிளாஸ வைக்கக் கை வரல."

அடுத்த வருடம் கடையை விற்றுவிட்டு, சென்ட்ரல் வாலி பகுதியில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். வாங்கியவர்கள் இடித்துவிட்டு அலுவலகம் கட்டினார்கள். ஆறு மணிக்கெல்லாம் விளக்கணைத்துவிடும் கட்டடம். தெருக்காரர்களுக்கு அதைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை.

நானும் மகளும் பிளசன்டனுக்கு மாறினோம். அமைதியான தெரு, புது வீடு, அவளுக்கென்று மாடியில் ஓர் அறை. புதுப் பள்ளியில் சேர்ந்த சில வாரங்களில் அவளுடைய வகுப்பாசிரியர் என்னை அழைத்தார். படிப்பில் குறையில்லை, ஆனால் குழந்தை பேசுவது யாருக்கும் கேட்பதில்லை, காதைப் பரிசோதித்துப் பாருங்கள் என்றார்.

காதில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து அவளைக் கவனித்தேன். நடக்கும்போது குதிகால் தரையில் படவில்லை. கதவைச் சாத்தும்போது கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, பொருந்திய பிறகே விட்டாள். டிவியைச் சத்தமே இல்லாமல் பார்த்தாள். சனிக்கிழமைகளிலும் விடுமுறைப் பகல்களிலும் பின்பக்க அறையில் அம்மா தூங்கிய அந்த வருடங்களில், நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டது.

நான் அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். "கண்ணு, இங்க யாரும் தூங்கல. நீ எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பேசலாம். எங்க, அப்பாவுக்காக ஒரு தடவை கத்து பாக்கலாம்."

அவள் கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள். பிறகு என் காதருகே வந்து, மூச்சுக்காற்று போன்ற குரலில் சொன்னாள்:

"திஸ் இஸ் மை லவுட் வாய்ஸ், அப்பா."